தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் சான்று சுட்டலும் துணைநூற்பட்டியலும்: பெயர், பதிப்பு, ஆண்டு, அகரநிரல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ஆய்வுக் கட்டுரைகள் இன்று பெரும்பாலும் எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ., சிகாகோ ஆகிய நெறிகளுள் ஒன்றைப் பின்பற்றிச் சான்றுகளைச் சுட்டுகின்றன. அந்நெறிகள் தமிழ்ப் பெயர்மரபையும் தமிழ் நூல்களின் பதிப்பு வரலாற்றையும் கருத்திற்கொண்டு எழுந்தவை அல்ல. அவற்றை அப்படியே பொருத்தும்போது ஆசிரியர் பெயர், பதிப்பு, ஆண்டு, அகரநிரல் ஆகிய நான்கிடங்களில் சிக்கல் தோன்றுகிறது. அச்சிக்கல்களை எடுத்துக்காட்டுகளுடன் விளக்கி, கையாளத்தக்க வழிகளை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சான்று சுட்டல், துணைநூற்பட்டியல், பதிப்பு, தலைப்பெழுத்து, அகரநிரல், தொல்காப்பிய உரைகள்.

முன்னுரை

தமிழ் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுவதில் வளம் மிக்கவர்கள். அம்மேற்கோளின் மூலத்தைப் பெயர் சொல்லிச் சுட்டுவதில் அத்துணைக் கருத்துச் செலுத்தியவர்கள் அல்லர். நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் கூறாது ஓரடியை மட்டும் எடுத்துக்காட்டி மேற்செல்வது அவர்களுக்கு இயல்பு. பாடம் கேட்போர் நூல்களை நெஞ்சில் இருத்தியிருந்த காலத்தில் அவ்வளவே போதுமானதாக இருந்தது. சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்கள் மாறியபோது அதுவே பதிப்பாசிரியர்க்குப் பெருஞ்சுமையாயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்களின் இருப்பிடம் அறியப் பட்ட பாட்டை என் சரித்திரத்தில் விரித்துரைத்துள்ளார். அத்தேடலே அவரைச் சங்க நூற் சுவடிகளிடம் கொண்டு சேர்த்தது.

சான்று சுட்டலின் பயன் இந்நிகழ்வில் தெளிவாகிறது. ஓர் ஆய்வாளர் கண்ட அதே இடத்தை அடுத்த ஆய்வாளரும் சென்று காண இயல வேண்டும். காற்புள்ளி எங்கே, முக்காற்புள்ளி எங்கே, நூற்பெயர் சாய்வெழுத்தில் வரவேண்டுமா என்பனவெல்லாம் இதற்கு அடுத்தபடியானவை. ஆனால் நம் ஆய்வேடுகளில் துணைநூற்பட்டியல் ஒப்படைப்புக்கு முந்தைய வாரத்தில், பெரும்பாலும் தட்டச்சகத்தில் வைத்து, பிறர் ஆய்வேட்டுப் பட்டியலை மாதிரியாகக் கொண்டு உருவாகிறது. புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றன. சுட்டிய பக்கத்தில் சுட்டிய செய்தி இருப்பதில்லை.

மேலை நெறிகளுள் எம்.எல்.ஏ. ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் கட்டுரைக்குள் தருகிறது. ஏ.பி.ஏ. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் தருகிறது. சிகாகோ நெறி அடிக்குறிப்பு முறைக்கும் ஆசிரியர்-ஆண்டு முறைக்கும் இடமளிக்கிறது. எதனைத் தேர்ந்தாலும் தமிழுக்கு இழுக்கில்லை. ஆனால் மூன்றும் சிலவற்றை இயல்பெனக் கொள்கின்றன: ஆசிரியருக்குக் குடும்பப் பெயர் உண்டு, நூலுக்கு நிலையான பக்கம் உண்டு, ஆண்டு ஒரே கணக்கில் அச்சாகியிருக்கும், பட்டியலைக் கணினியே வரிசைப்படுத்தும். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இந்நான்கும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியவை.

ஆசிரியர் பெயர்

'குடும்பப் பெயர் முதலில், இயற்பெயர் அடுத்து' என்னும் விதியைத் தமிழ்ப் பெயர்மேல் ஏற்றியதன் விளைவாக, 'பிள்ளை, சி.வை. தாமோதரம்', 'பிள்ளை, எஸ். வையாபுரி' போன்ற பதிவுகள் பட்டியல்களில் இடம்பெற்றுவிட்டன. இதனால் பகரத்தின்கீழ்ப் பிள்ளைகளும் ஐகாரத்தின்கீழ் ஐயர்களும் திரள்கின்றனர்; தேடுவோர்க்குப் பயன் ஏதுமில்லை. சாதிப்பெயர் குடும்பப் பெயர் அன்று. தலைப்பெழுத்தும் இயற்பெயரின் சுருக்கம் அன்று. அது ஊரையோ தந்தையையோ குறிப்பது. சி.வை. என்பது சிறுப்பிட்டியையும் வைரவநாதரையும் குறிக்கும், உ.வே. என்பது உத்தமதானபுரத்தையும் வேங்கடசுப்பையரையும் குறிக்கும். எனவே இயற்பெயரைப் பின்னொட்டோடு சேர்த்து முன்னிறுத்தி, காற்புள்ளியிட்டுத் தலைப்பெழுத்தைப் பின்னே தருவதே பொருந்தும்: 'தாமோதரம்பிள்ளை, சி.வை.', 'சாமிநாதையர், உ.வே.' என்பன போல. தலைப்பெழுத்தையே முதலாகக் கொண்டு 'உ.வே. சாமிநாதையர்' என்பதை உகரத்தின்கீழ் வரிசைப்படுத்தும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தலைப்பெழுத்து அறியாதவர் அந்நூலைத் தேடிக் காண இயலாது என்பதால் அதனை விட்டுவிடலாம்.

கட்டுரைக்குள் பிறைக்குறியில் சுட்டும்போது தலைப்பெழுத்தை நீக்குமாறு ஏ.பி.ஏ. கூறும். தமிழில் இவ்விதியைத் தளர்த்தியே ஆக வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமியும் ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் ஒரே கட்டுரையில் சான்றாக வருவது அரிதன்று. 'வேங்கடசாமி' என்று மட்டும் எழுதினால் எவர் என்பது விளங்காது. இயற்பெயர்கள் மிகுதியும் ஒத்துவரும் மொழியில் தலைப்பெழுத்துத்தான் வேறுபடுத்தும் உறுப்பாக நிற்கிறது.

ஒரே ஆசிரியர் பல பெயர்களில் அச்சேறியிருப்பதும் உண்டு. வேதாசலம் மறைமலையடிகளாகவும் சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞராகவும் ஆயினர். எஸ். வையாபுரிப்பிள்ளை சிலர் பட்டியலில் ச. வையாபுரிப்பிள்ளை ஆகிறார். தெ.பொ. மீனாட்சிசுந்தரனின் பெயரோடு 'ஆர்' சேர்ப்பவரும் உளர், சேர்க்காதவரும் உளர். பெண் ஆய்வாளர் சிலர் திருமணத்திற்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்தை விடுத்துக் கணவரின் தலைப்பெழுத்தைக் கொள்கின்றனர். நூலகப் பட்டியலில் ஒருவரே இருவராகி, முன்னைய உழைப்பு வேறொருவர் பெயரில் நிற்பது போலாகிறது. இவ்வெல்லா இடங்களிலும் தலைப்புப் பக்கத்தில் அச்சான வடிவத்தையே பதிவில் தந்து, பரவலாக அறியப்பட்ட பெயரைப் பகர அடைப்பில் சேர்ப்பது நலம். தனித்தமிழ் ஆர்வத்தால் பிறர் பெயரை நாமே திருத்தி எழுதுவது எந்நிலையிலும் ஏற்புடையதன்று. மதிப்புக் கருதி 'முனைவர்', 'பேராசிரியர்', 'மகாமகோபாத்தியாய' முதலியவற்றைப் பட்டியலில் சேர்ப்பதும் வேண்டாத ஒன்று. மதிப்பைக் கட்டுரைக்குள் காட்டலாம்.

பதிப்பு

சங்கப் பாடலைப் பாட்டெண்ணாலும் அடியெண்ணாலும் சுட்டும் வழக்கம் மிக நல்ல வழக்கம். 'குறுந். 40: 3' என்றால் எப்பதிப்பை வைத்திருப்பவரும் அவ்வடியைக் கண்டுவிடலாம். பக்க எண் இதனைச் செய்யாது. சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் வழி 1940இல் வெளிவந்த, வையாபுரிப்பிள்ளையின் சங்க இலக்கியப் பதிப்பு பாடல்களைப் புலவர் வரிசையில் அமைத்தது. அப்பதிப்பின் பக்க எண்ணை மட்டும் தந்தால், தொகை நூல் வரிசையில் தேடுவோர் அப்பாடலை அடைய வழியில்லை.

ஆயினும் பாட்டெண்ணோடு நின்றுவிடுவதும் போதாது. பாட்டெண் இடத்தைக் காட்டுமேயன்றிப் பாடத்தைக் காட்டாது. புறநானூற்றின் 1894ஆம் ஆண்டு முதற்பதிப்பும் பின்னர் வந்த திருத்திய பதிப்புகளும் ஒன்றல்ல. மர்ரே எஸ். ராஜம் 1957இல் தொடங்கி வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகளில் அடியின் தோற்றமே வேறு. சொல்வருகை எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகள் பெருகிவரும் இந்நாளில், எங்கே சொல் பிரிக்கப்பட்டது என்பது முடிவையே மாற்றிவிடக்கூடும். ஆதலால் கட்டுரையின் முதற் சுட்டிலேயே 'பாடம் இன்ன பதிப்பைத் தழுவியது' என்று ஒருமுறை கூறிவிட்டு, பின்னர்ச் சுருக்கக் குறியீட்டை ஆள்வது முறையாகும். பாடவேறுபாட்டின்மேல் வாதம் நிற்குமாயின் அவ்விடத்தில் பதிப்பையும் பக்கத்தையும் சேர்த்தே தரவேண்டும்.

திருக்குறளுக்குக் குறளெண் போதும் என்று கருதுகிறோம். அவ்வெண் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையைச் சார்ந்தது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறு. மணக்குடவர் உரையைச் சுட்டுபவர், எண் எவ்வரிசையினது என்று குறிக்காவிடில் படிப்போர் தடுமாறுவர். கம்பராமாயணத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. மிகைப்பாடல்களைச் சேர்த்தலும் நீக்கலும் காரணமாகப் பாட்டெண் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. காண்டமும் படலமும் பாட்டெண்ணும் தந்து பதிப்பையும் கூறினாலன்றி அச்சுட்டுப் பயன்படாது.

தொல்காப்பியம் தனித்துப் பேசத்தக்கது. 'தொல். சொல். 120' என்று எழுதுவது ஆய்வுலகில் மிகப் பரவலானது; அது முழுமையான சுட்டு ஆகாது. நூற்பாவைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர். சொல்லதிகாரத்திற்குச் சேனாவரையர் கொண்ட நூற்பாக்கள் 463. தெய்வச்சிலையார் கொண்டவை 453. ஓர் இயலின் நடுவே ஒரு நூற்பா இரண்டானால் அதற்குப் பின்வரும் எண்கள் அனைத்தும் நகரும். எனவே 'தொல். சொல். சேனா.' என உரையாசிரியர் பெயரையும் சுட்டில் இணைப்பது கட்டாயம்.

உரையாசிரியர் பெயரையும் இணைத்தாயிற்று. இனி ஐயமில்லை எனலாமா என்றால் அதுவும் இயலாது. சி.வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். மறைந்துபோகும் நிலையிலிருந்த நூலை அவர் காத்தளித்த பெருமை என்றும் குறையாது. ஆனால் அப்பதிப்பில் நச்சினார்க்கினியர் பெயரில் அச்சான மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய நான்கிற்கும் உரிய உரை பேராசிரியருடையது. இதனை இரா. இராகவையங்கார் செந்தமிழ் இதழில் எடுத்துரைத்தார். நச்சினார்க்கினியரின் செய்யுளியல் உரை பின்னர்த் தனியே அச்சேறியது. இனி, 1885ஆம் ஆண்டுப் பதிப்பைக் கையிற்கொண்டு செய்யுளியல் உரையை 'நச்சினார்க்கினியர்' என்று ஒருவர் சுட்டினால், அவர் தலைப்புப் பக்கத்தைச் சரியாகவே பெயர்த்தெழுதியிருக்கிறார். ஆயினும் சான்று பிழையானது. அதற்கு நேர்மாறாக, பழைய கட்டுரை ஒன்றில் 'நச்., செய்யுளியல் உரை' என்று கண்டால், அது எப்பதிப்பைக் கருதியது என்று தெரிந்தாலன்றி அது பேராசிரியர் கூற்றா நச்சினார்க்கினியர் கூற்றா என்று முடிவு செய்ய இயலாது. இரு உரைகளையும் ஒப்பிட்டு யாப்பியல் கொள்கையின் வளர்ச்சியைப் பேசும் ஆய்வில் இக்குழப்பம் நேர்ந்தால் அவ்வாய்வின் அடித்தளமே ஆட்டங்காணும். பதிப்பாசிரியர் பெயரும் பதிப்பாண்டும் பட்டியலை நீட்டுவதற்காகச் சேர்க்கப்படுபவை அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மறுபதிப்பைப் பயன்படுத்துவோர் கையிலுள்ள நூலின் ஆண்டையும் முதற்பதிப்பின் ஆண்டையும் சேர்த்தே தரவேண்டும். முதற்பதிப்பின் ஆண்டு மட்டும் தந்து மறுபதிப்பின் பக்க எண்ணைச் சுட்டும் வழக்கம் நம்மிடையே மிகுதி. தொன்மையான பதிப்பைப் பார்த்ததாகக் காட்டும் விருப்பமே இதற்குக் காரணம் போலும். மறுபதிப்பு வேறு, மறு அச்சு வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கல்வெட்டைச் சுட்டும்போது தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் தேவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் உள்ளன என்பதால் 'தெ.இ.க. 2: 1' என்பது போலச் சுருக்கலாம். ஆண்டறிக்கை எண்ணாயின் எண்ணோடு அறிக்கையின் ஆண்டும் வேண்டும். ஆண்டில்லாத எண் எதையும் குறிக்காது. ஓலைச்சுவடிக்கு நூலகத்தின் பெயர், சுவடி எண், ஏட்டெண், அவ்வேட்டின் முன்பக்கமா பின்பக்கமா என்பது ஆகியவை போதும். ஏட்டுக்கு ஓரெண்ணே இடுவது சுவடி மரபு. அதனைப் பக்க எண்ணாகக் கொண்டால் கணக்குத் தவறும்.

ஆண்டும் இதழெண்ணும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்பில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டுமே காணப்படுவது உண்டு. பார்த்திப ஆண்டு என்றால் 1825-26, 1885-86, 1945-46 ஆகியவற்றுள் எதுவும் ஆகலாம். அச்சகம், பதிப்பாளர், முகவுரைச் செய்தி முதலிய புறச்சான்றுகளால் முடிவு செய்ய வேண்டும். சித்திரையில் தொடங்கும் ஆண்டு இரு ஆங்கில ஆண்டுகளைத் தொடுவதால், மாதம் தெரியாதபோது '1885-86' என்று இரண்டையும் எழுதுவதே நேர்மை. சக ஆண்டோடு 78 கூட்டியும் திருவள்ளுவர் ஆண்டில் 31 கழித்தும் பொதுவாண்டைப் பெறலாம். கூட்டிக் கழித்துப் பெற்ற ஆண்டைப் பகர அடைப்பிலிட்டு, நூலில் உள்ளபடியான ஆண்டை அதன் முன்னே தருவது நல்லது.

தமிழெண்களில் இன்னொரு கண்ணி உண்டு. ௧ ககரத்தையும் ௨ உகரத்தையும் ௭ எகரத்தையும் ௮ அகரத்தையும் ஒத்திருப்பதால் தட்டச்சு செய்வோர் எண்ணுக்கு மாறாக எழுத்தையே அடித்துவிடுகின்றனர். முகவுரைப் பக்கங்களுக்குத் தமிழெண் இட்ட நூல்களைச் சுட்டும்போது இது அடிக்கடி நேர்கிறது. எழுத்துணரி மென்பொருளும் இதில் தவறுகிறது.

இதழ்களுக்கு வருவோம். செந்தமிழ்ச் செல்வி தன் தொகுதியைச் 'சிலம்பு' என்றும் இதழைப் 'பரல்' என்றும் வழங்கியது. தமிழ்ப்பொழிலுக்குத் 'துணர்', 'மலர்'. 1902இல் தொடங்கிய செந்தமிழுக்குத் 'தொகுதி', 'பகுதி'. இவற்றையெல்லாம் ஒரு சீராக்கித் 'தொகுதி 12, எண் 4' என்று எழுதச் சொல்லும் இதழாசிரியர்கள் உளர். கட்டடம் செய்த தொகுப்பின் முதுகிலும் உள்ளடக்கப் பக்கத்திலும் அச்சாகியிருப்பது 'சிலம்பு', 'பரல்' என்பதே. நூலகத்தில் தேடுபவர் கண்ணில் படுவதையே பதிவிலும் தருவது பயனுடையது. இவ்வழகிய சொற்களை ஒரு படிவத்தின்பொருட்டு இழப்பானேன் என்பதும் உண்டு.

அகரநிரல்

சொற்செயலியில் பட்டியலைத் தெரிவு செய்து வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் அகரநிரல் அமைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஒருங்குறியில் தமிழெழுத்துகள் நெடுங்கணக்கு முறையில் இடம்பெறவில்லை. பிற இந்திய எழுத்துகளின் அமைப்பையொட்டி னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ளகரமும் ழகரமும் லகரத்தின் பின்னும், ஜகரம் சகரத்தின் பின்னும் நிற்கின்றன. தமிழ் வரிசைமுறை அறியாத மென்பொருள் குறியெண்ணைக் கொண்டே வரிசைப்படுத்தும். அதன்படி அறவாணன் அழகப்பனுக்கு முன்னும் அன்பழகன் அப்பாத்துரைக்கு முன்னும் வந்துவிடுவர். நெடுங்கணக்கின்படி இரண்டும் தலைகீழ். மெய்யெழுத்திலும் இடர் உண்டு. அகராதி மரபில் 'ன்' என்னும் மெய் 'ன' என்னும் உயிர்மெய்க்கு முற்பட்டது. ஆகவே கன்னியப்பன் முன்னும் கனகசபை பின்னும் வரவேண்டும். குறியெண் வரிசையில் புள்ளி உயிர்க்குறிகளுக்கும் பிற்பட்டதாகையால் இது மாறிவிடும். ஐம்பது பதிவுகள் கொண்ட பட்டியலில் இதனைக் கண்ணால் திருத்திவிடலாம். ஆய்வேட்டின் பட்டியலில் மொழியமைப்பைத் தமிழாகத் தேர்ந்து வரிசைப்படுத்தி, பின் ழ, ள, ற, ன வரும் இடங்களை மட்டுமாவது சரிபார்க்க வேண்டும். கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயர்களைத் தமிழ்ப் பேரகராதி முறையில் னகர வரிசைக்குப் பின் வைக்கலாம்.

சோட்டெரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை ஏற்கின்றன. ஆனால் பெயரைக் குடும்பப் பெயர், இயற்பெயர் என இரு கட்டங்களாகக் கேட்கும். இயற்பெயரை முதற்கட்டத்திலும் தலைப்பெழுத்தை இரண்டாம் கட்டத்திலும் இட்டால் மேற்கூறிய வடிவம் கிடைக்கும். இயற்பெயரைத் தானே சுருக்கும் நெறியைத் தேர்ந்திருந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். ஒருங்குறியில் 'வே' என்பது வகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். முதற் குறியெண்ணை மட்டும் வெட்டியெடுக்கும் நிரலில் உ.வே. 'உ.வ.' ஆகவும் சி.வை. 'ச.வ.' ஆகவும் மாறிவிடும்.

கட்டுரைக்குள் சுட்டுதலும் மின்பாடங்களும்

'மேலது' என்னும் அடிக்குறிப்புச் சொல் அச்சுக்கோத்த காலத்தில் இடத்தை மிச்சப்படுத்தியது. கணினியில் எழுதும்போது பத்திகள் இடம் மாறுகின்றன; இடையில் புதிய அடிக்குறிப்பு நுழைகிறது. உடனே 'மேலது' வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடுகிறது. ஆசிரியர் பெயரும் சுருக்கிய நூற்பெயரும் தருவது இவ்விடரைத் தவிர்க்கும்.

நாம் நேரிற் காணாத நூலைப் பிறர் வழியாக எடுத்தாளும்போது, 'இன்னார் எடுத்துக்காட்டியது' என்று இடைநின்றவரையும் குறிக்க வேண்டும். ஒருவர் செய்த அச்சுப்பிழை அப்படியே ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டிற்குச் செல்வதைக் காண்கிறோம்; மூலத்தை எவரும் திறக்கவில்லை என்பதற்கு அப்பிழையே சாட்சி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமையைக் குற்றமாகக் கொள்கின்றன. உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்கள் அக்கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. சங்கப் பாடல்களை நிறைய எடுத்தாளும் தமிழ் ஆய்வாளர்க்கு இவ்விலக்கு இன்றியமையாதது. மேற்கோளை மேற்கோளாக அடையாளங் காட்டியிருந்தால்தான் அது கிட்டும்.

இணையத்தில் கிடைப்பவற்றை ஒரே வகையாகக் கருதுவதும் திருந்த வேண்டிய வழக்கமே. நூலின் பக்கங்களைப் படமெடுத்து வைத்த கோப்பைப் பயன்படுத்துவோர் அச்சு நூலைப் பார்ப்பவரே ஆவர். அச்சு நூலுக்குரிய விவரங்களைத் தந்து, எந்த மின்னூலகத்தில் கிடைத்தது என்பதைச் சேர்த்தால் போதும். மீண்டும் தட்டச்சிடப்பட்ட மின்பாடம் அவ்வாறன்று. அது புதிய பதிப்பு. மதுரைத் திட்டக் கோப்புகள் பலவற்றின் முகப்பில் அம்மின்பாடத்திற்கு அடிப்படையான அச்சுப் பதிப்பு குறிக்கப்பட்டிருக்கும். அதனையும் மின்பாடத்தையும் ஒருங்கே சுட்ட வேண்டும். அடிப்படைப் பதிப்பு குறிக்கப்படாத மின்பாடத்தைத் தேடுகருவியாகக் கொள்ளலாமேயன்றிச் சான்றாகக் கொள்ளலாகாது.

இவற்றுள் பலவற்றை ஆய்வாளர் தனித்து முடிவு செய்வதைவிட ஆய்விதழே முடிவு செய்துவிடுவது எளிது. இப்போது இதழ்கள் கட்டுரையாளர்க்கு அனுப்பும் நெறிமுறைத் தாளில் எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி ஆகியவை விரிவாகக் கூறப்படுகின்றன. மேற்கோள் பற்றி 'எம்.எல்.ஏ. முறையைப் பின்பற்றுக' என்னும் ஒரு வரியே காணப்படுகிறது. அத்தாளில் இன்னொரு பக்கத்தைச் சேர்க்கலாம். அப்பக்கத்தில் இலக்கண இலக்கிய நூல்களின் சுருக்கக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் இதழ் ஏற்கும் அடிப்படைப் பதிப்பு, தொல்காப்பியத்திற்கும் குறளுக்கும் எவ்வுரையாசிரியரின் எண்முறை, பெயரைப் பதியும் வடிவம் ஆகியன இடம்பெற்றால் கட்டுரையாளர் அக்குறியீட்டை மட்டும் எழுதி, வேறு பதிப்பைப் பயன்படுத்திய இடங்களில் மட்டும் அதனைக் குறிப்பிட்டாற் போதுமானதாகும்.